ஜெஃபர்சன் பாஸின் ‘பாடி ஃபார்ம்’ வரிசை: பத்து துப்பறியும் நாவல்களில் எவற்றை வாங்கலாம்

ஒருவர் கத்திக்குத்தில் இறந்திருக்கிறார். பிரேதப் பரிசோதனை செய்த அரசு மருத்துவர், முதுகின் ஒரு பக்கம் நுழைந்த கத்தி முதுகெலும்பைக் கடந்து மறுபக்க நுரையீரலைத் துளைத்தது என்று அறிக்கை எழுதிவிட்டார். அதை நம்பி ஒருவர் மீது கொலை வழக்கும் போட்டாகிவிட்டது. பேராசிரியர் பில் பிராக்டன் தானமாக வந்த ஓர் உடலை மேசையில் கிடத்தி, அதே அளவு கத்தியை அதே இடத்தில் இறக்கி, அறிக்கை சொல்லும் வழியில் திருப்பிப் பார்க்கிறார். கத்தி போகவில்லை. விலா எலும்பும் தண்டுவட எலும்பும் குறுக்கே நிற்கின்றன. நேரான, விறைப்பான இரும்பு உடம்புக்குள் வளைந்து வளைந்து போகாது. அறிக்கை தவறு.

‘கார்வ்ட் இன் போன்’ நாவல் இப்படித் தொடங்குகிறது. 2006இல் வந்த இந்த முதல் புத்தகத்திலிருந்து 2016இல் வந்த ‘விதவுட் மெர்சி’ வரை இந்த வரிசையில் பத்து நாவல்கள். நல்ல பக்கங்கள் எல்லாமே இந்தக் கத்திச் சோதனையின் வார்ப்பில்தான் இருக்கின்றன: பதவியில் இருக்கும் ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், எலும்பு வேறொன்றைச் சொல்கிறது. அந்த மோதல் நடக்கும் புத்தகங்களை வாங்கலாம். அது இல்லாதவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.

எழுதியவர்கள் இருவர். ஜான் ஜெஃபர்சன் எழுத்தாளர். டாக்டர் பில் பாஸ் தடயவியல் மானுடவியலர், அதாவது எலும்பைப் பார்த்து இறந்தவரின் வயது, பாலினம், உயரம், காயம், இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைச் சொல்லும் துறைக்காரர். இரண்டு பெயரையும் சேர்த்ததுதான் ‘ஜெஃபர்சன் பாஸ்’. டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில், பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பின்னால் வேலி போட்ட காட்டுத்துண்டில், தானமாக வந்த உடல்களைத் திறந்தவெளியில் விட்டு அவை எப்படிச் சிதைகின்றன என்று பதிவு செய்யும் ஆய்வுக்களத்தை 1981 வாக்கில் தொடங்கியவர் பாஸ். ‘பாடி ஃபார்ம்’ என்பது அதற்கு மற்றவர்கள் வைத்த பெயர். நாவலின் பிராக்டன் ஏறக்குறைய பாஸின் நிழல். அவருடைய அலுவலகம்கூட நிஜத்தில் இருந்தது போலவே அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் இருக்கை வரிசைகளுக்கு அடியில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுக்களம் பிறந்ததற்கு ஒரு தவறும் காரணம். அது தெரிந்தால் நாவல்களின் மனநிலை பிடிபடும். 1977இல் டென்னசியில் ஒரு பழைய கல்லறை கிளறப்பட்டு, அதில் ஓர் உடல் கிடந்தது. சதை இன்னும் சிவப்பாகவே இருந்ததால், இறந்து ஒரு வருடத்துக்குள்தான் இருக்கும் என்று பாஸ் கணித்தார். அது 1864 டிசம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நாஷ்வில் சண்டையில் இறந்த கர்னல் ஷையின் உடல் என்று பிறகு தெரிந்தது. தைலமிட்ட உடல், காற்றுப் புகாத இரும்புப் பெட்டி. கணக்கு சுமார் 113 வருடம் பிசகிவிட்டது. உடல் எப்படி அழுகுகிறது என்பதற்கு அதுவரை எவரிடமும் ஒழுங்கான தரவு இல்லை என்பதைத்தான் அந்தப் பிசகு காட்டியது. பிராக்டன் எதையும் சட்டென்று அடித்துச் சொல்லத் தயங்கி, முதலில் சோதனை செய்து பார்க்கும் குணத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

குக் கவுன்டியும் ஷெரிஃபும்

முதல் நாவலின் மையக் கதை ஒரு மலைக் குகையில் கிடக்கும் பெண்ணின் உடல். முப்பது வருடம் போல ஆகியும் அது எலும்புக்கூடாகவில்லை. உடல் முழுக்கப் பிணமெழுகு. ஈரமும் இருந்து, காற்றோட்டமும் குறைந்தால், உடலின் கொழுப்பு பாக்டீரியாவால் சிதைந்து சோப்புக்கட்டி மாதிரி கெட்டிப்படும். இது உருவாக வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும், உருவான பிறகு பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். கிழக்கு டென்னசியின் குகைகள் வருடம் முழுக்க 13, 14 டிகிரி செல்சியஸில் ஈரமாகவே இருப்பவை. ஈக்கள் உள்ளே போவதும் அபூர்வம். ஆகவே கதையின் அடிப்படை நியாயமானது. அந்த மெழுகை வெந்நீரில் மெதுவாகக் கரைத்து எலும்பைப் பிரித்தெடுக்கும் அத்தியாயம் அவசரமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. கொதிக்கவிட்டால் மெல்லிய எலும்புகள் கெட்டுப்போகும் என்பதால் நீரைக் கொதிநிலைக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அப்பெண் கர்ப்பிணி என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. வேறு வரிசைகளில் இந்த வேலை ஒரே வரியில் ‘ஆய்வக முடிவு வந்தது’ என்று முடிந்துவிடும்.

உடலைக் கண்டுபிடித்தவர்களும் விசாரிப்பவர்களும் குக் கவுன்டியின் ஷெரிஃப் அலுவலகத்தார். கவுன்டி என்றால் மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு, ஷெரிஃப் அதன் காவல்துறைத் தலைவர். இங்கே ஊழலின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டென்னசியில் 95 கவுன்டிகள். ஷெரிஃப் நியமிக்கப்படும் அதிகாரி அல்ல. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாக்கு வாங்கி வருபவர். அரசு வழக்கறிஞரும் தேர்தலில் வருபவர்தான், அவருக்கு எட்டு வருடம். ஒரு சின்ன மலைக் கவுன்டியில் ஷெரிஃபின் குடும்பம், வாக்குப் போடும் குடும்பங்கள், கஞ்சா வளர்ப்பவர், சேவற்கட்டு நடத்துபவர், எல்லோரும் மாமன் மச்சான் உறவு. யாரைப் பிடித்தாலும் அடுத்த தேர்தலில் இருபது வாக்கு போய்விடும். குகையில் கிடந்த பெண்ணும் ஷெரிஃப் குடும்பத்துக்கு அந்நியமானவள் அல்ல என்று தெரியவரும்போது, விசாரணையை யார் தாமதப்படுத்துகிறார், ஏன் என்பதெல்லாம் தானாகவே இறுகுகிறது. பெரிய சதித்திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய பலம்.

‘குக் கவுன்டி’ கற்பனை. ஆனால் வரைபடத்தில் அதற்கு ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயரில் காக் கவுன்டி என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. 2005இல், முதல் நாவல் வருவதற்குச் சற்று முன், அங்கே டெல் ரியோ என்ற இடத்தில் நடந்த பெரிய சேவற்கட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து சோதனை நடத்தியது. ஷெரிஃப் துறையைச் சேர்ந்தவர்கள் மீதும் விசாரணை போனது. நாவலில் பிராக்டனை ஒரு சேவற்கட்டுக்கு அழைத்துப்போகும் அத்தியாயத்தைப் படிக்கும்போது அது அளவுக்கு மீறிய சித்திரிப்பு என்று தோன்றினால், இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த மலைகளில் மருந்துக்கு விற்கும் காட்டு ஜின்செங் கிழங்கும் பணம்தான். காட்டில் விளைந்ததற்கு விலை பல மடங்கு அதிகம் என்பதால் தேசியப் பூங்காவுக்குள் புகுந்து திருடித் தோண்டுகிறார்கள். சட்டப்படி தோண்டும் செடிக்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த உலகத்தையும் நாவல் தொட்டுச் செல்கிறது.

ஒரு துணைப் பாத்திரத்தைத் தவறவிடாதீர்கள்: கைரேகை நிபுணர் ஆர்ட் போஹானன். நாக்ஸ்வில் காவல்துறையில் இதே பெயரில் நிஜமாகவே பணியாற்றியவர், தன் சொந்தப் பெயரிலேயே நாவலுக்குள் வருகிறார். குழந்தைகளின் கைரேகை பெரியவர்களுடையதைவிட மிகச் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதைக் கவனித்து ஆராய்ந்தவர் அவர். குழந்தையின் விரல் விட்டுச்செல்லும் பொருட்கள் எளிதில் ஆவியாகிவிடும். பெரியவர்களின் ரேகையில் எண்ணெய்ப் பசை அதிகம், அது தங்கும். ‘காரில் குழந்தையின் ரேகை இல்லை, ஆகவே குழந்தை அங்கே இருந்ததில்லை’ என்ற வாதம் இதனால் எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேதப் பரிசோதனை அறைக்குள் ஊழல்

இரண்டாவது ‘ஃப்ளெஷ் அண்ட் போன்’ (2007), மூன்றாவது ‘த டெவில்ஸ் போன்ஸ்’ (2008) ஆகியவற்றை முதல் நாவலோடு சேர்த்து ஒரே கதையாகப் படிக்க வேண்டும். வரிசை மாற்றிப் படித்தால் கெட்டுப்போகும். மூன்றாவதின் முதல் சில பக்கங்களே இரண்டாவதின் கொலையாளி யார் என்று சொல்லிவிடும். கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கும்போது இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுவது சுலபம்.

இரண்டாவதில் பிராக்டனே கொலைக் குற்றச்சாட்டில் சிக்குகிறார். தன் ஆய்வுக்களத்தில் கிடந்த உடலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலை. அவரைக் காப்பாற்ற வருபவர், முன்பு நீதிமன்றத்தில் அவரைக் குறுக்கு விசாரணையில் கிழித்துத் தொங்கவிட்ட வழக்கறிஞர் பர்ட் டிவ்ரீஸ். ஊரெல்லாம் வெறுக்கும் இந்த வழக்கறிஞர்தான் வரிசையிலேயே நன்றாக வளர்ந்த பாத்திரம். தடயத்தை ஒருவர் எப்படி விதைக்க முடியும், எந்தத் தடயம் விதைக்க எளிது, எது கடினம் என்று அவர்கள் இருவரும் உட்கார்ந்து அலசும் இடம் உன்னிப்பாகப் படிக்கத் தக்கது. முடியையும் துணி நூலையும் யாரும் கொண்டுவந்து போடலாம். ஒரு உடலில் புழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அப்படி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

காலக் கணக்குப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இறந்து மூன்று நாள்’ என்று சொல்ல நாட்களை எண்ணினால் போதாது, வெப்பத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். 25 டிகிரியில் 10 நாளும் 10 டிகிரியில் 25 நாளும் ஏறத்தாழ ஒரே அளவு சிதைவு, இரண்டிலும் கூட்டுத்தொகை 250. நிழல், மழை, உடுப்பு, உடல் புதைந்திருந்த ஆழம் என்று எதுவும் இதைக் குலைக்கலாம். இந்த நாவல்கள் அந்த நிச்சயமின்மையை ஒளிப்பதில்லை. நீதிமன்றக் காட்சிகளில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்து இழுக்கிறது.

‘டெவில்ஸ் போன்ஸ்’ மூன்றில் மிகச் சிறந்தது. எரிந்த காருக்குள் ஒரு பெண்ணின் எலும்புகள். கணவன் அப்போது வெகுதொலைவில் இருந்திருக்கிறான். தீ மூட்டும்போது அவள் உயிரோடு இருந்தாளா, இறந்து பல நாள் ஆகியிருந்ததா என்பதே கேள்வி. சதையும் ஈரமும் உள்ள எலும்பு எரியும்போது வளைந்து முறுகி, பிறை வடிவ விரிசல்கள் குறுக்கே விழும். உலர்ந்துபோன எலும்பு எரிந்தால் விரிசல்கள் நேராக, நீளவாக்கில், சதுரக் கட்டம் போட்டது மாதிரி வரும். ஒரு விரிசலின் வளைவில், ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்ற கணவனின் வாதம் நிற்கிறது அல்லது விழுகிறது. இதைச் சரிபார்க்க பிராக்டனும் அவருடைய மாணவி மிராண்டாவும் தாங்களே தீ வைத்து எரித்துப் பார்க்கிறார்கள்.

அதே நாவலில் இன்னொரு கிளை. டிவ்ரீஸின் அத்தையின் அஸ்தி என்று தகனக்கூடம் கொடுத்த பெட்டி எடையிலும் நிறத்திலும் சரியாக இல்லை. அஸ்தியின் எடை குத்துமதிப்பான விஷயம் அல்ல. கிழக்கு டென்னசியில் பாஸ் தானே சேர்ந்து நடத்திய ஆய்வில், ஆண்களுக்குச் சராசரி சுமார் 3,380 கிராம், பெண்களுக்குச் சுமார் 2,350 கிராம். உடலின் கொழுப்பு எல்லாம் போய்விடும், மிஞ்சுவது எலும்பின் தாதுதான் என்பதால் எடை எலும்புக்கட்டைப் பொறுத்தது. பெட்டியைக் கொட்டிச் சலித்தால் மணலும் கூழாங்கல்லும் வருகின்றன. இதுவும் வெறும் கற்பனை அல்ல. 2002இல் ஜார்ஜியா மாநிலம் நோபல் என்ற ஊரில் ஒரு தகனக்கூடத்தின் வளாகத்தில் எரிக்கப்படாத 334 உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. குடும்பங்களுக்குப் போனது சிமென்ட் தூள் போன்றவை. அஸ்தியைத் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது என்ற நம்பிக்கையில் நடந்த மோசடி அது. அந்த வலியை இந்த நாவல் மிகையில்லாமல், மரியாதையோடு சொல்கிறது.

எங்கே தொய்கிறது

குறைகளும் உண்டு. அறிவியல் விளக்கங்கள் புத்தகத்துக்குப் புத்தகம் திரும்ப வருகின்றன. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது, காறை எலும்பின் உள்முனை ஒட்டிவிட்டதா என்று பார்த்து இருபதுகளின் வயதைக் கணிப்பது, இவற்றை ஒவ்வொரு நாவலும் புதிதாகத் தொடங்கிச் சொல்லும். தொடர்ந்து படித்தால் சலிப்புத் தட்டும். இரண்டு புத்தகத்துக்கு நடுவே சில வாரம் இடைவெளி விடுவது நல்லது. பிராக்டனின் வகுப்பறைச் சிலேடைகள் ஒன்றிரண்டு ரசிக்கலாம், அதற்கு மேல் சுமை. கொலையாளி கடைசியில் பிராக்டனையே நேரில் தாக்க வருவது என்ற முடிவு அடிக்கடி வருகிறது. எலும்பை வைத்துப் பொறுமையாகக் கட்டிய வழக்கு ஒரு கைகலப்பில் முடிவது ஏமாற்றம்தான். அவர் மனம் நெருங்கும் பெண்களுக்கு நேரும் கதியும் ஒரு கட்டத்தில் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகிவிடுகிறது.

கனமான குறை வேறு. அமெரிக்கத் தெற்கின் ஊழலையும் கொலையையும் எழுதும் வரிசையில் நிறவெறி வெகுகாலம் ஓரத்திலேயே இருக்கிறது. கிழக்கு டென்னசி மலைப்பகுதி பெரும்பாலும் வெள்ளையர் வாழும் இடம், உள்நாட்டுப் போரில்கூட அங்கே பலர் பிரிந்துபோன தெற்கின் பக்கம் நிற்காமல் வடக்கின் ஒன்றிய அரசின் பக்கம் நின்றார்கள் என்பது உண்மை. மிசிசிப்பி பருத்திக்காட்டுத் தெற்கு வேறு, இந்த மலைத் தெற்கு வேறு. ஆனாலும் பத்தாவது நாவல் வரை அதை நேராகத் தொடாதது பெரிய விடுபடல். ‘விதவுட் மெர்சி’ மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒருவரின் எலும்புகளோடு தொடங்கி வெறுப்புக் குற்றத்துக்குள் போகிறது. தாமதமாகவாவது வந்தது என்பேன். குக் கவுன்டி மீண்டும் வருவதால் முதல் நாவலைப் படித்தவர்களுக்கு அது பொருள்படும்.

நடுவில் உள்ளவை ஏற்ற இறக்கம். ‘போன்ஸ் ஆஃப் பெட்ரேயல்’ (2009) ஓக் ரிட்ஜ் நகரில் நடக்கிறது. 1942இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக ரகசியமாகக் கட்டத் தொடங்கி, 1945இல் சுமார் 75,000 பேர் வாழ்ந்த, ஆனால் வரைபடத்தில் இல்லாத ஊர். முதிய விஞ்ஞானி ஒருவர் உறைந்த நீச்சல் குளத்தில் கிடக்கிறார். உடலுக்குள் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். தொழிற்சாலைகளில் உலோக இணைப்புகளை ஊடுருவிப் படமெடுக்கப் பயன்படுவது அது, சுமார் 74 நாளில் பாதி வீரியம் போய்விடும். பிரேதப் பரிசோதனை மேசையில் அதைக் கையில் எடுத்தவர்களுக்கு நேர்வதை வாசிப்பது கடினம், ஆனால் மருத்துவ ரீதியாகச் சரியாக இருக்கிறது. உள்ளூர் ஊழலைவிட வரலாறு பிடிக்கும் என்பவர்களுக்கு ஏற்ற நாவல். ‘த போன் தீஃப்’ (2010) மனித உடலுறுப்புகளின் கள்ளச்சந்தை பற்றியது. உறுப்பை விற்பது 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனால் பதப்படுத்தவும் அனுப்பவும் ‘நியாயமான கட்டணம்’ வாங்கலாம் என்ற சந்து இருக்கிறது. கருப்பொருள் அருமை, கதை ஓட்டம் சுமார். ‘இன்க்விசிட்டர்ஸ் கீ’ (2012) பிரான்சின் அவின்யோனுக்குப் போய்விடுகிறது. இந்த வரிசையை எதற்காக எடுத்தோமோ அது அங்கே இல்லை, விட்டுவிடலாம். ‘கட் டு த போன்’ (2013) கதைக்காலத்தில் 1992க்குத் திரும்பி ஆய்வுக்களத்தின் பிறப்பைச் சொல்கிறது. தொடர் கொலையாளியின் கொடூரம் அதில் அளவுக்கு அதிகம். ‘த பிரேக்கிங் பாயின்ட்’ (2015) விமான விபத்தில் எரிந்த உடலை அடையாளம் காண்பதில் நேரும் சிக்கல். பிராக்டனின் சொந்த வாழ்க்கையில் அக்கறை வந்தவர்களுக்கு மட்டும்.

‘த போன் யார்ட்’

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், 2011இல் வந்த ஆறாவது நாவலான இதை வாங்குங்கள். தனியாகப் படித்தாலும் புரியும். ஃப்ளோரிடாவின் வடக்குக் காட்டுப்பகுதியில் ஒரு நாய் மண்டையோட்டைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. சிறுவனின் மண்டையோடு. தடம் பிடித்துப் போனால், வருடங்களுக்கு முன் எரிந்துபோன ஒரு சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. அங்கே அடைக்கப்பட்ட ஒரு பையனின் குறிப்புகள் கதைக்கு நடுவே வருகின்றன. நாவலில் மிகக் கனமான பக்கங்கள் அவை. பழைய எலும்பு முறிவு ஆறிய தழும்பும் அதன் மேல் ஆறாத புது முறிவும் ஒரே எலும்பில் இருந்தால் அந்தப் பிள்ளை ஒருமுறை அல்ல, பலமுறை அடிபட்டிருக்கிறது என்று பொருள். எலும்பு ஆறத் தொடங்கினால் முறிவின் ஓரம் மழுங்கும். கூராகவே இருந்தால் சாகும் தறுவாயில் விழுந்த அடி. பிராக்டன் எலும்புகளை எடுத்து வைத்து இதைச் சொல்லும்போது கோபப்படுவதில்லை. அந்த நிதானம்தான் படிப்பவரைக் கலங்க வைக்கிறது.

பள்ளியை நடத்தியது மாநில அரசு. ஆகவே இங்கே ஊழல் ஒரு ஷெரிஃபின் கைக்காசு அல்ல. அடித்தவர், பார்த்தும் சும்மா இருந்தவர், இறப்பைப் பதிவேட்டில் எழுதாதவர், பிற்பாடு ‘ஆதாரம் போதாது’ என்று கோப்பை மூடியவர் என நீளும் சங்கிலி. யாரும் தனியாக முழுக் குற்றவாளி இல்லை என்ற போர்வையில் எல்லோரும் தப்பிக்கிறார்கள்.

பின்னணியில் இருப்பது ஃப்ளோரிடாவின் மரியானாவில் 1900 முதல் 2011 வரை இயங்கிய டோசியர் சிறுவர் பள்ளி. நாவல் அச்சானபோது அங்கே 31 சிலுவைகள் நட்ட ஒரு சிறு இடுகாடு மட்டுமே தெரிந்திருந்தது. மாநிலக் காவல் விசாரணை, வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று முடிந்திருந்தது. அதன் பிறகுதான் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் எரின் கிம்மர்லே தலைமையிலான குழு தரை ஊடுருவும் ரேடாரோடு உள்ளே போனது. 2013இல் தோண்டி முடித்தபோது கிடைத்த புதைகுழிகள் 55. பல குழிகள் சிலுவைகள் இருந்த இடத்திலேயே இல்லை, புதருக்கும் மரங்களுக்கும் அடியில் இருந்தன. டி.என்.ஏ. ஒப்பீட்டில் சிலருக்குப் பெயர் கிடைத்து, எலும்புகள் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. கிம்மர்லே முனைவர் பட்டம் பெற்றது டென்னசி பல்கலைக்கழகத்தில், பாஸ் கட்டி எழுப்பிய அதே துறையில்.

வாங்குபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆங்கிலம் பொதுவாக எளிது, ஆனால் குக் கவுன்டி மக்களின் மலைப் பேச்சு எழுத்தில் திருகலாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். ஒலிநூலாகக் கேட்டால் அந்தச் சிரமமே இல்லை. சிதைந்த உடல்களின் வர்ணனை எல்லா நாவலிலும் விரிவாக உண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ஆகாது. ‘போன் யார்ட்’டில் சிறுவர் மீதான வன்முறை நேரடியாகச் சொல்லப்படுகிறது, அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். ஷெரிஃப் ஊழல்தான் வேண்டும் என்றால் 1, 2, 3, பிறகு 10 என்ற வரிசையில் படிக்கலாம். அறிவியலின் மூலத்தையே பார்க்க வேண்டும் என்பவர்கள் இதே இருவரும் 2003இல் எழுதிய ‘டெத்ஸ் ஏக்கர்’ என்ற கட்டுரைநூலை எடுக்கலாம். கர்னல் ஷையின் கதை அதில் பாஸின் சொந்தக் குரலில் இருக்கிறது.